ஆபிரிக்கச் சாம்பல் கிளி: குஞ்சு வாங்குவதா, வளர்ந்த பறவையை ஏற்பதா?

களுவாஞ்சிகுடி ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்குப் பச்சைக்கிளி புதிதன்று. நான் சிறுவனாக இருந்தபோது, காற்றில் முறிந்த தென்னையின் பொந்திலிருந்து விழுந்த குஞ்சொன்றை அப்பா எடுத்து வந்து, பயற்றங்கஞ்சி ஊட்டி வளர்த்து, இறகு முற்றியதும் பறக்க விட்டார். அதன் பின்னரும் சில மாதங்கள் அது மாலை வேளைகளில் முற்றத்து முருங்கையில் வந்து அமர்ந்தது இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் ஆபிரிக்கச் சாம்பல் கிளியைப் பற்றி எனக்கிருப்பது காணொளிகளில் கண்ட அறிவு மட்டுமே என்பதால், வளர்த்தவர்களிடம் கேட்டுவிட்டு முடிவெடுக்க விரும்புகிறேன்.

என் மகனுக்கு 12 வயது. இரண்டு ஆண்டுகளாக இந்தக் கிளியையே கேட்டுக்கொண்டிருக்கிறான். கட்டாரில் வேலை செய்யும் என் தம்பி செலவை ஏற்பதாகச் சொல்லிவிட்டான். இப்போது என் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. கொழும்புப் பக்கத்து விற்பனையாளர் ஒருவரிடம் 6 வாரக் குஞ்சு ஒன்று உள்ளது. தானாக உண்ணப் பழகாத அந்தக் குஞ்சை விலை குறைத்துத் தருவதாகவும், நாமே ஊட்டி வளர்த்தால் அது நம்மையே தாயாக எண்ணி ஒட்டிக்கொள்ளும் என்றும் அவர் சொல்கிறார். அவரிடமே தானாக உண்ணும் பறவை ஒன்றும் இருக்கிறது; அதற்கு 5 மாதம் என்கிறார், விலை ஏறக்குறைய இரட்டிப்பு. மூன்றாவது, மட்டக்களப்பு நகரில் கனடாவுக்குக் குடிபெயர ஆயத்தமாகும் குடும்பமொன்றின் 9 வயதுப் பறவை. அதைக் கூட்டோடு தருவார்கள்; ஆனால் நெஞ்சில் உள்ளங்கையளவு இடத்தில் அது தன் இறகைத் தானே பிடுங்கியிருக்கிறது. படத்தைப் பார்த்ததும் என் மனைவி, நோய்ப்பட்ட பறவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வீட்டு நிலையையும் சொல்லிவிடுகிறேன். நானும் மனைவியும் ஆசிரியர்கள். காலை 7 மணிக்குப் புறப்பட்டால் பிற்பகல் 2.30க்குத்தான் திரும்புவோம். 68 வயதான அம்மா நாள் முழுவதும் வீட்டில் இருப்பார். அவருக்கு இளமையிலிருந்தே தொய்வு (ஆஸ்துமா) உண்டு. மூன்று வழிகளில் எது எங்களுக்குப் பொருந்தும்? நம் சந்தையில் கிடைப்பவற்றைக் கொண்டே அதற்கு உணவு கொடுக்க முடியுமா? கச்சான் காற்று வீசும் மாதங்களின் வெக்கையை அது தாங்குமா?


கல்லடிப்பாலம்:

ஆசிரியருக்கு வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு சாம்பல் கிளி 11 ஆண்டுகளாக இருக்கிறது; நான் தெரிந்துகொண்டவை பெரும்பாலும் அதனிடமிருந்து கற்றவையே.

பறவையைத் தெரிவு செய்வதற்கு முன்னர் ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். நல்ல பராமரிப்பில் இது 40 ஆண்டுகள் வாழும். 60ஐத் தொட்டவையும் உண்டு. மகன் கேட்கிறார் என்று வாங்கினாலும், இன்னும் ஆறேழு ஆண்டுகளில் அவர் பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கோ வெளியூர் போய்விடுவார். அதன் பின்னர் நாள்தோறும் கூட்டைத் துப்புரவாக்கி, பழம் நறுக்கி, அதனுடன் பேசிக்கொண்டிருக்கப் போகிறவர்கள் நீங்களும் உங்கள் மனைவியும்தான். எனவே மகனின் ஆசையைவிட உங்கள் மனைவியின் முழுமனதான சம்மதமே முக்கியம்.

இந்தப் பறவைக்கு வேண்டியது கூடும் தீனும் மட்டுமன்று, கூட்டம். காட்டில் இவை நூற்றுக்கணக்கில் ஒன்றுகூடி உறங்குகின்றன. ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1977இல் சிக்காகோவில் ஒரு கடையில் வாங்கி வளர்த்த அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி, 2007இல் 31 வயதில் இறப்பதற்குள், நிறங்களையும் வடிவங்களையும் பெயர் சொல்லி வேறுபடுத்தவும், தட்டில் கலந்து கிடக்கும் பொருள்களில் குறித்த நிறத்தவை எத்தனை என்று 6 வரை எண்ணிச் சொல்லவும் கற்றிருந்தது. அத்தகைய அறிவுள்ள உயிரை வெறுஞ்சுவரைப் பார்த்தபடி நாளெல்லாம் தனியே அடைத்து வைத்தால் அது என்ன செய்யும்? தன் இறகைத்தான் பிடுங்கும். 2014இல் வெளியான ஆய்வொன்று, தனியே வளர்க்கப்பட்ட சாம்பல் கிளிகளின் நிறமூர்த்த நுனிகள் (உயிரணுவுக்குள் இருக்கும் மரபு இழைகளின் முனைகள்), இணையோடு வாழ்ந்த அதே வயதுப் பறவைகளுக்கு இருந்ததைவிடக் குறுகியிருந்ததைக் கண்டது. அந்த நுனிகள் முதுமையோடு குறுகுபவை. அதாவது தனிமையின் அடையாளம் உயிரணு வரை போய்ப் பதிந்திருக்கிறது.

அதனால் நீங்கள் எழுதியவற்றுள் என் கண்ணில் முதலில் பட்டது உங்கள் அம்மாதான். பகல் முழுவதும் ஒருவர் நடமாடிக்கொண்டிருக்கும் வீடு இந்தப் பறவைக்குக் கிடைப்பது அரிது. தொய்வைப் பற்றி மருத்துவம் தெரிந்தவர் யாராவது எழுதுவார்கள். அது தடையாக இல்லாவிட்டால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த 9 வயதுப் பறவையைத்தான் ஏற்பேன். அதன் குணம் ஏற்கெனவே உருவாகிவிட்டது. கடிக்குமா, பெண்களோடு ஒட்டுமா, சிறுவர்களைக் கண்டால் ஒடுங்குமா என்பதை நேரில் போய்ப் பார்த்து அறியலாம். குஞ்சிடம் அதை அறிய வழியில்லை. ஊட்டிய கையை அது தாயாக எண்ணும் என்பது முதல் ஓரிரு ஆண்டுகளுக்குச் சரி. பருவம் வந்த பின்னர், ஏறக்குறைய 4 வயதுக்கு மேல், அது தனக்குப் பிடித்த ஒருவரைத் தானே தேர்ந்தெடுக்கும், அது ஊட்டியவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் பறவைக்கு மூன்று வேளையும் உணவு வைத்தவள் நான். அது தேர்ந்தெடுத்தது என் அப்பாவை. அப்பா மறைந்து நான்கு ஆண்டுகளாகின்றன. இன்றும் விடியற்காலையில் கூட்டுத் துணியை விலக்கும்போது, அவர் எழும்பியதும் இருமுகிற அந்த இரண்டு இருமலும் தொண்டைச் செருமலும் அப்படியே கேட்கும். அம்மா அந்த நேரத்தில் தேத்தண்ணியோடு வந்து கூட்டின் அருகில் அமர்ந்துவிடுவார்.

உணவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கிளிகளுக்கென்று செய்த உருண்டைத் தீனி கொழும்பிலிருந்து எடுப்பித்தால் அதையே பாதியளவு உணவாக வைக்கலாம்; மீதியை நம் சந்தையும் முற்றமும் தரும். முருங்கையிலை, பொன்னாங்காணி, பூசணி, கரட், பப்பாசி, முளைகட்டிய பயறு, அவித்த சோளன், விதையோடு கொச்சிக்காய் ஆகிய அனைத்தும் நல்லவை. கொச்சிக்காயின் உறைப்பு பறவைகளுக்குத் தெரியாது, அதனால் அஞ்ச வேண்டியதில்லை. நம் ஊர் மரமுந்திரிகைப் பருப்பு நாளுக்கு ஒன்றிரண்டு போதும். ஆனால் சுடாத கொட்டையைத் தோட்டோடு கொடுத்துவிடாதீர்கள், அந்தத் தோட்டின் எண்ணெய் அலகையும் நாக்கையும் வெந்து போகச் செய்யும். கச்சானை, அதாவது நிலக்கடலையைப் பொறுத்தவரை என் வீட்டில் முற்றாகத் தடை. மாரியில் ஈரம் ஏறிய கச்சானில் கண்ணுக்குத் தெரியாமலே பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சண நஞ்சு ஈரலைத் தாக்கும்.

வெக்கையை அது தாங்கும். அதன் தாயகமும் பூமத்திய ரேகையை ஒட்டியதுதான். ஆனால் அது காட்டு நிழலின் வெப்பம், கச்சான் காற்றோ உலர்ந்த அனல். அந்த மாதங்களில் நான் நண்பகலுக்கு முன்னர் ஒரு முறை தெளிப்பானால் பனிபோல் நீர் தூவுவேன். அலகைத் திறந்து மூச்சிரைத்து, சிறகுகளை உடலிலிருந்து விலக்கிப் பிடித்தால் வெப்பம் மிஞ்சிவிட்டது என்று பொருள். உடனே நிழலும் நீரும் வேண்டும்.


கச்சான்காற்று, அக்கரைப்பற்று:

அன்பின் சகோதரருக்கு. குஞ்சைப் பற்றி நான் எழுதியே ஆக வேண்டும், ஏனெனில் உங்களுக்குச் சொல்லப்பட்ட அதே வார்த்தைகளை நம்பி நான் 7 வாரக் குஞ்சு ஒன்றை வாங்கினேன்.

இரவு பஸ்ஸில், அட்டைப் பெட்டியில், 9 மணி நேரப் பயணம். வந்து சேர்ந்தபோது இரைப்பை காலி, உடல் குளிர்ந்திருந்தது. ஊட்டும் கூழின் சூடு 40 பாகை செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். சற்று மிஞ்சினால் தொண்டைப் பை வெந்துவிடும், குறைந்தால் உணவு செரிக்காமல் புளித்துத் தேங்கும், ஊட்டும் ஊசிக்குழாய் ஒரு விரற்கடை தவறினால் கூழ் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். இவை ஒன்றும் எனக்கு அப்போது தெரியாது. விற்றவர் தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்திருந்தார். அல்லாஹ்வின் கிருபையால் அது தேறியது, நாங்களும் வென்றுவிட்டோம் என்று நினைத்தோம்.

ஆனால் என் பெரிய தவறு அதற்குப் பின்னர்தான் தொடங்கியது. அது சூரியகாந்தி விதையை விரும்பி உண்டது. விரும்புகிறதே என்று இரண்டு ஆண்டுகள் அதையே கிண்ணம் நிறைய வைத்தேன். கூடு முன்னறையில், கண்ணாடி ஜன்னலை ஒட்டி இருந்தது. வெயில் படுகிறது என்று எண்ணிக்கொண்டேன். ஒரு மாலை, மஃரிபுக்குச் சற்று முன்னர், தும் என்று ஒரு சத்தம் கேட்டு ஓடிப் போனேன். பறவை கூட்டின் அடித்தட்டில், பழைய பத்திரிகைத் தாளின்மேல் பக்கவாட்டில் கிடந்தது. விரல்கள் காற்றைப் பிடித்தபடி இறுகியிருந்தன, ஒரு சிறகு மட்டும் தாளில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, கண் திறந்தே இருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பிறகு மெல்ல எழுந்து கம்பியைப் பற்றி நின்று என்னைப் பார்த்தது.

மறுநாள் அம்பாறை, மகியங்கனை வழியாக, அந்த மலைப்பாதையின் 18 வளைவும் ஏறி, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். இரத்தத்தில் கல்சியம் மிகக் குறைந்திருந்தது. இந்த நோய் மற்றக் கிளிகளைவிடச் சாம்பல் கிளிகளுக்கே அதிகம் வருகிறது என்று அங்கேதான் அறிந்தேன். சூரியகாந்தி விதையில் கொழுப்பு மிகுதி, கல்சியமோ விற்றமின் ஏ சத்தோ மிகச் சொற்பம். உண்ட கல்சியத்தை உடல் ஏற்க விற்றமின் டி3 வேண்டும், அதை உண்டாக்கும் புறஊதாக் கதிர் கண்ணாடியை ஊடுருவாது. என் பறவை ஈராண்டு வெளிச்சத்தில் இருந்தது, வெயிலில் இருக்கவில்லை. ஊசியும் மருந்தும் தந்து அனுப்பினார்கள். எட்டு மாதங்கள் நன்றாக இருந்தது. பிறகு ஓர் இரவு வந்த வலிப்பிலிருந்து அது மீளவில்லை.

சகோதரரே, கூட்டை நாள்தோறும் காலை 8 மணிக்கு முன்னர் அரை மணி நேரம் முற்றத்தில் வையுங்கள். பாதிக் கூடு நிழலில் இருக்கட்டும், அதுவே இடம் மாறிக்கொள்ளும். காகமும் பூனையும் உண்டாகையால் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். நம் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைப் பொறுக்கி வந்து, ஒரு வாரம் நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, நாள்தோறும் நீர் மாற்றி, வெயிலில் காயவைத்துக் கூட்டில் கட்டுங்கள். அவித்த முட்டையின் கோதையும் இடித்துத் தூவலாம். என் பறவை உயிரோடிருந்த காலமெல்லாம் இந்த ஓடுகள் என் வீட்டிலிருந்து 500 மீற்றர் தூரத்தில் மணலில் கிடந்தன.


செங்கலடிச்சந்தி:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் கால்நடை வைத்தியத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மாடும் ஆடுமே என் வாழ்நாள் வேலை என்றாலும், கிளிகளையும் பார்க்க நேர்ந்திருக்கிறது.

முதலில் அம்மாவின் தொய்வு. சாம்பல் கிளியின் உடலில் மாவாகப் பொடியும் தூள் இறகுகள் உண்டு. அது சிலிர்த்து உதறும்போது வெள்ளைத் தூள் பறப்பதை வெயிற்கீற்றில் காணலாம். கூட்டின் கீழே, மேசையில், மின்விசிறித் தட்டுகளில் எல்லாம் அது படியும். தொய்வுள்ளவர்களுக்கு இது விளையாட்டன்று. எந்தப் பறவையையும் தீர்மானிக்கும் முன்னர், அம்மாவை அந்த மட்டக்களப்பு வீட்டுக்கு அழைத்துச் சென்று பறவை இருக்கும் அறையில் ஒரு மணி நேரமாவது இருக்கச் செய்யுங்கள். ஒரு முறையன்று, சில நாள் இடைவெளியில் மூன்று முறை. அவருக்கு மருந்து தரும் வைத்தியரிடமும் சொல்லுங்கள். மூச்சு இழுத்தால் பேச்சை அத்துடன் விட்டுவிடுங்கள் ஐயா. மகனுக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் பறவையைக் கொண்டு வந்து மூன்றாம் மாதம் திருப்பி அனுப்புவது இரு தரப்புக்கும் பெரிய கொடுமை. பறவை வந்த பின்னர் வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் நீடித்தால், வீட்டில் கிளி இருப்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் சிட்டகோசிஸ் என்ற நோய் மருந்துக்குக் கேட்கும். ஆனால் சொல்லாவிட்டால் அதை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்தது, கொழும்புப் பறவைகளின் பிறப்பு. காட்டிலிருந்து பிடித்து விற்றதாலும் காடு அழிந்ததாலும் இந்த இனம் பெரிதும் குன்றிவிட்டது. கானாவில் 1990களின் தொடக்கத்திலிருந்து 90 சதவீதத்துக்கும் மேல் மறைந்துவிட்டது. எனவேதான் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் மாநாடு, 2016இல் ஜொகன்னஸ்பேர்க்கில் கூடியபோது, இதை மிகக் கடுமையான பாதுகாப்புக்குரிய முதலாம் பின்னிணைப்பில் சேர்த்தது. 2017 ஜனவரி முதல் காட்டில் பிடித்தவற்றை நாடுவிட்டு நாடு விற்பது தடை. இலங்கை 1979 முதல் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. இங்கே அதற்குப் பொறுப்பு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். விற்பவரிடம் பறவை எங்கே பொரித்தது, தாய்ப் பறவைகள் எந்த ஆவணத்தோடு வந்தன என்று கேளுங்கள். காலில் பொருத்து இல்லாத முழு வளையம் இருக்கிறதா பாருங்கள். அது குஞ்சின் கால் சிறிதாக இருக்கும்போது மட்டுமே போடக்கூடியது. கேட்டவுடன் முகம் சுளிப்பவரிடம் வாங்க வேண்டாம். கண்ணின் நிறமும் வயதுக்கு ஒரு சான்று. குஞ்சின் கருவிழிப் படலம் கருமையாக இருந்து, மாதங்கள் செல்லச் செல்லச் சாம்பல் நிறமாகி, ஒரு வயதுக்குப் பின்னரே வெளிர் மஞ்சளாகும். 5 மாதம் என்று சொல்லப்படும் பறவைக்கு மஞ்சள் கண் இருந்தால் சொன்ன வயது பொய். வால் பளிச்சென்ற சிவப்பாக இல்லாமல் கறுஞ்சிவப்பாகவும், மேலலகு கொம்பு நிறத்திலும் இருந்தால் அது டிம்னே. குணத்தில் குறைந்ததன்று, ஆனால் உருவில் சிறிய வேறொரு இனம், சிவப்பு வாலுள்ள பெரிய இனமான கொங்கோவின் விலைக்கு அதை வாங்கக் கூடாது.

இறகு பிடுங்குவது எல்லாம் நோயென்று உங்கள் மனைவி அஞ்சத் தேவையில்லை. தலையைப் பாருங்கள். தன் தலை இறகைப் பறவையால் தானே பிடுங்க முடியாது. தலை முழுமையாக இருந்து நெஞ்சு மட்டும் வெறுமையானால் அது பெரும்பாலும் அலகின் வேலை. தலையிலும் இறகு உதிர்ந்து, புதிய இறகுகள் கோணலாக முளைத்தால் அலகு இறகு நோய் என்ற வைரசுத் தொற்றைச் சந்தேகித்து இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

நம் வீடுகளில் இதற்கு எமனாகக் கூடியவை சில உண்டு. பறவையின் நுரையீரல் நம்முடையதைப் போன்றதன்று. காற்றுப் பைகள் வழியாக ஒவ்வொரு மூச்சிலும், தன் உடலளவுக்கு, நாம் எடுப்பதைவிட மிகுதியாக அது உறிஞ்சும். அளவுக்கு மீறிச் சூடேறிய ஒட்டாத தாச்சியின் ஆவி, நமக்கு மணம்கூடத் தெரியாமல், சில நிமிடங்களில் பறவையைக் கொல்லும். நுளம்புச் சுருளும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் பறவை இருக்கும் அறையில் கூடாது. சாமியறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், கூட்டுக்கு மெல்லிய நுளம்பு வலை போடுங்கள். ஆனைக்கொய்யா, சொக்கலேட், கோப்பி, வெங்காயம் தரக் கூடாது. கம்பிவலையை வாங்கி நீங்களே கூடு கட்ட எண்ணினால், நாகம் (துத்தநாக உலோகம்) பூசிய வலை வேண்டாம். கடித்துக் கடித்து நாகம் உள்ளே போய் நஞ்சாகும். வாவிக்கரை வீடுகளில் நான் ஈய நஞ்சும் பார்த்திருக்கிறேன்: திண்ணையில் காயப் போட்ட வலையின் ஈயக்குண்டைக் கிளி உருட்டிக் கடித்து விளையாடியிருந்தது.


களுவாஞ்சிகுடி ஆசிரியர்:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அக்கரைப்பற்றுச் சகோதரரின் பதிலை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்; குஞ்சுப் பேச்சு அன்றோடு முடிந்தது. கொழும்பு விற்பனையாளரிடம் இரண்டாவது பறவையின் கண்ணைக் கிட்டவாகக் காட்டும்படி காணொளி கேட்டேன். கண் தெளிவான வெளிர் மஞ்சள். கால்வளையம் பற்றிக் கேட்டதற்குப் பதிலே வரவில்லை.

மட்டக்களப்பு வீட்டுக்கு அம்மாவோடு மூன்று முறை போய் வந்தோம். அம்மாவுக்கு மூச்சில் மாற்றம் தெரியவில்லை. அவருடைய வைத்தியர், கூட்டை அவர் படுக்கும் அறையிலிருந்து விலக்கி வைத்து, துப்புரவாக்கும் வேலையை வேறொருவர் செய்வதானால் பார்க்கலாம் என்றார். அதை நான் ஏற்றுக்கொண்டேன். பறவையின் தலை இறகு முழுமையாக இருக்கிறது. அது அந்த வீட்டிலேயே பொரித்ததன்று, வாங்கியது. உள்நாட்டில் பொரித்ததற்கான பற்றுச்சீட்டும் முழு வளையமும் உண்டு. அந்த வீட்டில் கணவர் கடந்த ஆண்டே போய்விட்டார், மனைவி இரவுப் பணியில் இருக்கிறார், முன்னறை முழுவதும் கட்டிய பெட்டிகள். முதல் நாள் கூட்டின் பின்பக்கம் ஒட்டி நின்று எங்களை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் அம்மா நீட்டிய பப்பாசித் துண்டை, கழுத்தை எட்டிய மட்டும் நீட்டி, விரலில் அலகு படாமல் வாங்கிக்கொண்டது. அதை உண்ணாமல் காலில் பிடித்தபடி வெகுநேரம் நின்றது. வெளியே வந்ததும் என் மனைவிதான் முதலில் கேட்டார், எப்போது கொண்டுவரலாம் என்று.

பிடுங்கிய இடத்தில் இறகு மீண்டும் வளருமா? முதல் சில வாரங்களில் நாங்கள் செய்ய வேண்டியது என்ன?


கல்லடிப்பாலம்:

உங்கள் மனைவி கேட்ட அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன், மிகுந்த மகிழ்ச்சி.

இறகுக்கு வாக்குறுதி தர யாராலும் முடியாது. வேர் சிதையாமல் இருந்தால் அடுத்த இறகு மாற்றத்தில் முளைக்கலாம். ஆண்டுக்கணக்கில் பிடுங்கிய இடமானால் வெறுமையாகவே நிற்கலாம். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு, பிடுங்கும்போதெல்லாம் ஓடிவந்து அதட்டாதீர்கள். பிடுங்கினால் ஆட்கள் வருகிறார்கள் என்று அது கற்றுக்கொள்ளும். அதைவிட அதன் அலகுக்கு வேலை கொடுங்கள். பனையோலைக் கீற்றில் ஒரு முந்திரிப் பருப்பை வைத்து முடிந்து கூட்டில் கட்டுங்கள், இளநீர்க் கோம்பையைத் தொங்கவிடுங்கள், கொய்யாக் கொம்பைப் பட்டையோடு குறுக்கே செருகுங்கள். கொம்புகள் ஒரே தடிப்பில் இருக்கக் கூடாது. உங்கள் மகன் செய்ய வேண்டிய வேலை இதுதான். பாடசாலை விட்டு வந்து நாளுக்கு ஐந்து ஓலை முடிச்சு. வாரம் ஒரு முறை இலத்திரனியல் தராசில் நிறுத்துக் குறிப்புப் புத்தகத்தில் எழுதும் பொறுப்பையும் அவரிடமே கொடுங்கள். கொங்கோப் பறவை பெரும்பாலும் 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். நோயை மறைப்பது பறவைகளின் இயல்பு ஆகையால், இறகுக்குள் உடல் மெலிவதைத் தராசுதான் முதலில் சொல்லும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்க வேண்டாம்.

கூட்டை முன்னறையில் ஒரு மூலையில், இரண்டு பக்கம் சுவர் இருக்கும்படி வையுங்கள்; நாலு பக்கமும் திறந்திருந்தால் அது ஒடுங்கிப் போகும். இரவு 10 முதல் 12 மணி நேரம் இருளும் அமைதியும் வேண்டும், தொலைக்காட்சி ஓடும் அறையானால் மாலையில் கூட்டை வேறு அறைக்கு மாற்றுங்கள். வெளியே விடும் வேளைகளில் மின்விசிறி ஓடக் கூடாது, கிணற்றுக்கு மூடி வேண்டும். முதல் இரண்டு வாரங்கள் உறவினர்களை அழைத்துக் காட்ட வேண்டாம். பழைய கிண்ணங்களையும் பழைய கொம்புகளையும் அப்படியே கொண்டு வந்து, அது உண்டு பழகிய உணவையே முதலில் வையுங்கள். புதியதை அதன் பக்கத்தில் நாளுக்கு ஒன்றாக, அம்மா தன் கையில் வைத்து, அது பார்க்கத் தானும் உண்டு காட்டட்டும். எங்கள் பறவை முருங்கையிலையைத் தொட மறுத்து, அப்பா ஒரு காம்பை வாயில் வைத்து மென்ற பின்னர்தான் கேட்டு வாங்கியது.

இன்னுமொன்று. அந்தக் குடும்பம் போவதற்கு முன்னர் ஒரு மாலை அவர்களோடு இருந்து, பறவை என்னென்ன சொல்லும், யாருடைய பெயரைக் கூப்பிடும், கூப்பிட்டால் அவர்கள் என்ன பதில் சொல்வார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காட்டில் ஒன்று குரல் கொடுத்தால் கூட்டம் பதில் குரல் கொடுக்கும். அது வராவிட்டால் கத்திக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டுக்கு வந்த பின்னரும் அது பழைய வீட்டுப் பிள்ளையின் பெயரைக் கூப்பிடும், பல மாதங்கள்கூடக் கூப்பிடலாம். அப்போது அம்மா எந்த வேலையில் இருந்தாலும், அந்தப் பிள்ளை சொல்லிய அதே சொல்லால் அடுக்களையிலிருந்தே பதில் சொல்லட்டும்.